அடுப்புக்குக் கீழே அடுப்பு

மழை டிசம்பர் கடைசியில் வந்ததா, ஜனவரி பிறந்த பிறகா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஐன் தர்ஃபாவில் பத்துப் பேரைக் கேட்டால் பத்து விதமாகச் சொல்வார்கள். ஒலிவ அறுவடை முடிந்திருந்தது என்று எனக்கு ஞாபகம். இல்லை, பாதி மரங்களில் காய் இருந்தது என்று என்னோடு அங்கே வேலை செய்த அம்மார் சத்தியம் செய்கிறான். நஸீஹா என்னிடம் சொன்னதும், நானே கண்ணால் பார்த்ததும், பிறகு ஊரில் பேசிக்கொண்டதும் இத்தனை வருடத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. எது எந்த அடுக்கு என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அவளாக இருந்தால் பிரித்திருப்பாள். அவளுடைய கோபம் மட்டும் தெளிவாக ஞாபகம் இருக்கிறது. அதில் கலப்படம் இல்லை.

அப்போது மேட்டின் மேல் ஒரே ஒரு வீடுதான் மிச்சம். நஸீஹா சின்னப் பெண்ணாக இருந்தபோது அங்கே ஒரு முழு ஊரே இருந்தது. ரோமானியர் காலக் கோயிலின் தூண்களை மாட்டுக்கொட்டகைக்கு முட்டுக் கொடுத்து, அரங்கத்துப் படிக்கல்லை வாசற்படியாகப் போட்டு, மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஊர். ஒரு கோடையில் அரசாங்கம் எல்லோரையும் கீழே, சாலையோரத்துச் சிமெண்ட் வீடுகளுக்கு இறக்கிவிட்டது. பிறகு இயந்திரங்கள் வந்தன. வீடுகள் போயின. அவற்றின் கீழிருந்து ரோமானியரின் தெருக்களும் சந்தையும் குளியல் மண்டபமும் வெள்ளையாக வெளியே வந்தன. சுற்றுலாப் பேருந்துகள் வந்தன. அருங்காட்சியகப் பலகையில் அந்த ஊருக்கு ஒரு வரி ஒதுக்கினார்கள்: பிற்காலக் குடியிருப்புகள் அகற்றப்பட்டன.

நஸீஹாவின் அப்பா மட்டும் இறங்க மறுத்தார். "ரோமாக்காரன் என்ன எங்கிட்ட கேட்டுட்டா வந்து குடியேறினான்?" என்று அதிகாரியின் முகத்துக்கு நேரே கேட்டாராம். அவர் இறந்த பிறகு அந்த வீட்டில் அண்ணன் கமைஸ், அண்ணி ஸொஹ்ரா, அவர்களுடைய இரண்டு பெண்கள், ரோமானியத் தெருவைப் பார்த்த அறையில் நஸீஹா. தலைநகரில் அகழாய்வு படித்துவிட்டு அவள் திரும்பி வந்து மேட்டின் அலுவலகத்திலேயே வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அந்த ஒற்றை வரிப் பலகையைத் தினமும் தாண்டித்தான் வேலைக்குப் போவாள். தாண்டும்போது ஒரு தடவைகூட அதைப் பார்க்க மாட்டாள். அதிலிருந்தே அவள் அதை மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

முந்தின வருடம் வீட்டின் மதிலுக்கு வெளியே தோண்டியபோது சின்னச் சதுரக் கற்கள் பதித்த ஒரு மொசைக் தரையின் ஓரம் தட்டுப்பட்டது. சிவப்பும் மஞ்சளுமாக முறுக்கிய கயிறுபோல ஒரு கரை, அதையொட்டி ஒரு மீனின் வால். அவ்வளவுதான். மிச்சம் மதிலுக்கு அடியில் நுழைந்து கமைஸின் முற்றத்துக்குள் போனது. இயக்குநர் சி நூருத்தீன் (ஆணுக்குச் சி, பெண்ணுக்கு லல்லா என்பது அந்தப் பக்கத்து மரியாதை) அந்த வாலைப் பார்த்த நாளிலிருந்து தூங்கவில்லை. வால் இருந்தால் மீன் இருக்கும், மீன் இருந்தால் நடுவில் கடல்தேவனின் முகம் இருக்கும் என்று அவர் தலைநகருக்கே சொல்லிவிட்டார். வசந்தத்தில் அமைச்சர் வருவதாக ஏற்பாடு. முற்றத்தில் தரை இருந்தால் வீட்டை அரசு எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் வீடு நிற்கும். விஷயம் இவ்வளவுதான். இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை.

வேறு யாராவது முற்றத்தில் மண்வெட்டியை வைத்தால் காலை வெட்டிவிடுவேன் என்று கமைஸ் சொன்னதால் அந்தக் குழி நஸீஹாவின் கைக்கு வந்தது. அவள் ஒரு வாரம் பதில் சொல்லவில்லை. பிறகு ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டாள்.

"மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒவ்வொரு அடுக்கா எடுப்பேன். எல்லாத்தையும் வரையணும், படம் எடுக்கணும், சலிக்கணும். ரோமா வரைக்கும் ஒரே தாவாத் தாவ மாட்டேன்."

"வேற எப்படி எடுப்பாங்க லல்லா?" என்று சிரித்தார் நூருத்தீன்.

மேலே இருந்த முதல் அடுக்கு ஸொஹ்ராவின் தபூனா. இடுப்பளவு உயரத்துக்குக் குடம்போலச் செய்த மண் அடுப்பு. முற்றத்தின் மூலையில், மதிலையொட்டி இருந்தது. அன்று காலையில்கூட அதன் உள்சுவரில் மாவைத் தட்டி ரொட்டி சுட்டிருந்தாள். சாம்பல் ஆறவில்லை.

"நாளைக்கு ரொட்டிக்கு நான் எங்க போறது?" என்று இடுப்பில் கை வைத்துக் கேட்டாள் ஸொஹ்ரா. "உங்க ரோமாக்காரன் எந்திரிச்சு வந்து சுட்டுக் குடுப்பானா?"

"அவன் சுட்டா கல்லுல சுடுவான் லல்லா ஸொஹ்ரா" என்றான் அம்மார், வேலைக்காரர்களுக்குத் தலைவன். "கடிச்சா நம்ம பல்லும் அருங்காட்சியகத்துக்குப் போயிடும்."

"உனக்கு இருக்கறதே நாலு பல்லு. அதை யார் காசு குடுத்துப் பார்ப்பா?"

"சிரிக்காதீங்க" என்றாள் நஸீஹா. "அண்ணி, முடிஞ்சதும் நானே மண் பிசைஞ்சு தர்றேன். இதே இடத்துல."

"நீ பிசைஞ்சா அது அடுப்பாவா இருக்கும்? நீ அதுல எண்ணு போட்டு பையில கட்டி வச்சிருவ."

அடுப்பை எடுத்தார்கள். அதன் கீழே செம்மண் வட்டம் ஒன்று தெரிந்தது. நஸீஹா கரண்டியால் சுரண்டினாள், தூரிகையால் தள்ளினாள். இன்னொரு அடுப்பின் அடி. ஒரு சாண் மட்டும் விலகியிருந்தது. அவளுடைய பாட்டனாரின் காலத்தது. அதில் அவள் ஆச்சரியப்படவில்லை. அதன் கீழே மூன்றாவது வந்தபோது மண்வெட்டிகளையெல்லாம் ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டாள்.

அந்த இரண்டு வாரமும் அவள் யாரோடும் அதிகம் பேசவில்லை. குழிக்குள் மண்டியிட்டபடியே இருப்பாள். குழியைப் படமாக வரைவது என் வேலை; நான் மேலே வரைபலகையோடு உட்கார்ந்திருப்பேன். மணிக்கணக்காகக் கரண்டியின் சத்தம் மட்டும் கேட்கும். அடுப்புக்குக் கீழே அடுப்பு வந்துகொண்டே இருந்தது. வெந்த மண்ணின் சிவப்பு வளையம், நடுவில் கரி, மேலே சாம்பல், பிறகு ஒரு கை அளவு மண், பிறகு மறுபடி வளையம். நாலாவதில் பச்சையும் பழுப்பும் பூசிய கிண்ணத்துண்டு கிடைத்தது. ஆயிரம் வருடத்துக் கிண்ணம். காற்றுத்துளை எல்லாவற்றிலும் ஒரே பக்கம் இருந்தது, மேற்குக் காற்றுக்கு முதுகு காட்டி.

ஸொஹ்ரா மாலைகளில் குழியின் ஓரத்தில் வந்து குந்துவாள். முதலில் திட்டுவதற்காக வந்தவள், பிறகு பார்ப்பதற்காக வந்தாள்.

"இவ கொஞ்சம் சோம்பேறி போலிருக்கு" என்றாள் ஒருநாள், மூன்றாவதைக் காட்டி. "சாம்பலை அள்ளவே இல்ல பாரு."

"அவ மாமியார் இல்லாத வீடோ என்னமோ" என்றாள் நஸீஹா. அந்தப் பதினைந்து நாளில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போது மட்டும்தான்.

அவளுக்குள் என்ன ஓடியது என்று பின்னால் சொன்னாள். யாரும் இந்த மேட்டைவிட்டுப் போகவே இல்லை. ரோமாக்காரன் போனான், பிறகு வெறும் மேடு, பிறகு ஆடு மேய்ப்பவர்கள் வந்து கல்லைத் திருடிக் குடிசை போட்டார்கள் என்றுதான் அவளுக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே ஒரு மூலையில் ஒருத்தி விட்ட இடத்தில் இன்னொருத்தி நெருப்பு மூட்டியிருக்கிறாள். இடையில் மேடு ஆளில்லாமல் கிடந்ததற்கான அடையாளம் எதுவும் இல்லை. இதைக் காட்டினால் வீட்டை யார் தொட முடியும்? பலகையின் வரியை மாற்றி எழுத வேண்டிவரும் என்று நினைத்தாள். அப்படி நம்பியதை இப்போது நினைத்தாலும் அவளுக்கு அவமானமாக இருக்குமாம்.

ஐந்தாவது வளையம் தெரிய ஆரம்பித்த அன்று நூருத்தீன் வந்தார். வெள்ளைச் சட்டை, பளபளக்கும் காலணி. குழியின் விளிம்பில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் எவ்வளவு கீழ போகணும்?"

"தரை இருந்தா இன்னும் முழங்கை ஆழம். ஆனா சி, இதைப் பாருங்க. தொடர்ச்சியா..."

"பார்த்தேன். அடுப்பு."

"அஞ்சு அடுப்பு. இன்னும் இருக்கும். கீழ்க்கோடியில தரை மேலயே உட்கார்ந்திருக்கலாம்."

"அமைச்சர் அடுப்பைப் பார்க்கவா வர்றாரு? அவர் வீட்ல இல்லையா?" அவர் குரலை உயர்த்தவில்லை. எப்போதும் உயர்த்தமாட்டார். "லல்லா நஸீஹா, நீங்க நல்லா வேலை செய்யறீங்க. ஆனா இது உங்க வீடு. உங்களுக்கு அடுப்பு பெருசாத்தான் தெரியும்."

அவள் எழுந்து நின்றாள். முழங்காலில் சாம்பல். "எங்க வீடா இருக்கறதாலதான் கையில தூரிகையோட இருக்கேன். இல்லாட்டி கடப்பாரையோட இருந்திருப்பேன்."

அம்மார் இருமுவதுபோல் பாவனை செய்தான். நூருத்தீன் காலணியில் ஒட்டிய சாம்பலை உதறினார். பிறகு, "வியாழக்கிழமை தலைநகர்ல கூட்டம். கிண்ணத்துண்டையெல்லாம் எடுத்துக்கிட்டு நீங்களே போய்க் காட்டுங்க. அவங்களும் பார்க்கட்டும்" என்றார்.

அவள் நம்பினாள். தன் பேச்சு உறைத்துவிட்டது என்று நினைத்தாள்.

வியாழக்கிழமை தலைநகரில் கூட்டம் எதுவும் இல்லை. நடைக்கூடத்து நாற்காலியில் மாலைவரை உட்காரவைத்தார்கள். கிண்ணத்துண்டுகளை ஒரு பையன் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டான். வெள்ளி மதியம் ஷேர் டாக்ஸியில் வந்து சாலையில் இறங்கி மேடேறினாள். பாதி ஏறும்போதே வீட்டின் பக்கம் கூட்டம் தெரிந்தது.

குழியில் வளையங்கள் இல்லை. வியாழன் விடிந்ததிலிருந்து எட்டுப் பேரைவைத்து, கடப்பாரையால் வெட்டி, தள்ளுவண்டியில் அள்ளி, ஓடைப்பக்கம் கொட்டியிருந்தார்கள். நஸீஹாவே சொல்லியனுப்பியதாகக் கமைஸை நம்பவைத்திருந்தார்கள். சலிக்கவில்லை. வரையவும் இல்லை. நான் அன்று வரவேண்டாம் என்று முன்தினமே சொல்லிவிட்டார்கள். இருட்டும்போது தரைக்கு ஒரு சாண் மேலே நிறுத்தி, காவலுக்கு வழக்கம்போலக் கமைஸை வைத்துவிட்டுப் போனார்கள். மேட்டின் இரவுக் காவல்காரன் அவன்தான். காலையில் நூருத்தீனே இறங்கி மிச்ச மண்ணைத் தள்ளினார். கீழே வெள்ளைச் சுண்ணாம்புப் படுகை. அதில் சின்னச் சின்னச் சதுரப் பள்ளங்கள், வரிசை வரிசையாக. கற்கள் பதிந்திருந்த தடம். கல் ஒன்றுகூட இல்லை.

கடல்தேவனும் இல்லை, மீனும் இல்லை. அவர் அரை நிமிடம் அதையே பார்த்தாராம். பிறகு ராத்திரி திருடிவிட்டார்கள் என்றார். காவல் இருந்தவனே எடுத்துவிட்டான். வீடு போய்விடும் என்று தெரிந்து எடுத்திருக்கிறான். காவலர்கள் வந்து கமைஸை ஜீப்பில் ஏற்றினார்கள். திருட்டு நிரூபணமானால் அந்த வாரமே வீடு பறிமுதல் என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

நஸீஹா இதையெல்லாம் ஸொஹ்ரா வாயால் கேட்டாள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே குழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மதிலையொட்டிய பக்கம், குழியின் சுவரில், வெட்டுப்பட்ட அடுப்புகளின் பாதி மட்டும் தெரிந்தது. ஒன்றின்மேல் ஒன்றாகச் சிவப்புப் பிறைகள். எண்ணிப் பார்த்தாள். ஏழு. அவள் ஐந்தாவதோடு விட்டுப் போயிருந்தாள்.

"அம்மார்."

அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். "நான் என்ன பண்ணட்டும் லல்லா? எட்டுக் குடும்பம். வேணாம்னு சொன்னா வேற எட்டுப் பேரு கீழே ரோட்ல நிக்கறான்."

"மண்ணு எப்படி இருந்துச்சு?"

"மண்ணு மண்ணாத்தான்..."

"அடியில! கடைசி அடுப்புல. எப்படி இருந்துச்சு?"

"கறுப்பா. சரளை மாதிரி. கரிக்கட்டி நெறைய. 'அடுப்புக் குப்பை, தள்ளு'ன்னாரு. தள்ளினோம்."

அவள் அவனை அடித்துவிடுவாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. சல்லடையை எடுத்துக்கொண்டு ஓடைப்பக்கம் இறங்கினாள். நானும் பின்னால் போனேன். அம்மாரும் வந்தான். யாரும் கூப்பிடவில்லை.

வண்டி வண்டியாகக் கொட்டிய மண். எது மேலடுக்கு, எது கீழடுக்கு என்று தெரியாமல் குழம்பிக் கிடந்தது. வளைந்த அடுப்புத் துண்டுகள் நொறுங்கிக் கிடந்தன. அவள் கறுத்த மண்ணாகத் தேடித் தேடிச் சலித்தாள். சல்லடையில் சரளை தங்கியது. ஒன்றை எடுத்து எச்சில் தொட்டுத் தேய்த்தாள். கரி போகவில்லை. சட்டையில் தேய்த்தாள். போகவில்லை. கல்லில் வைத்து உடைத்தாள்.

உள்ளே சிவப்பு.

ஒரு பக்கம் வெந்து சாம்பல் நிறம் ஏறியிருந்தது. நெருப்புப் படாத பக்கம் மட்டும் மாதுளை முத்துப்போலச் சிவப்பு. நாலு பக்கமும் சதுரம். ஒரு விரல்நுனியில் உட்காரும் அளவு.

அடுத்ததை உடைத்தாள். மஞ்சள். அடுத்தது கண்ணாடி, பச்சை, உருகி விளிம்பு மழுங்கியது.

மூன்றையும் உள்ளங்கையில் வரிசையாக வைத்தாள். ஓடையில் தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "முதல் அடுப்பு போட்டவ தரையைப் பெயர்த்திருக்கா. சூடு நிக்கறதுக்காக அடியில கொட்டி, சுத்தி அடைச்சிருக்கா. அவளுக்கு அது கல்லு. கடல்தேவன் மூஞ்சி மேல ரொட்டி சுட்டிருக்கா."

"அப்ப இந்த..." என்றான் அம்மார்.

"ஆமா. உங்க இயக்குநர் தேடின தரையை நேத்து நீங்கதான் தள்ளுவண்டியில கொண்டுவந்து இங்க கொட்டினீங்க."

கடைசியில் அம்மார்தான் ஒரு பெரிய கட்டியைக் கண்டெடுத்தான். உள்ளங்கை அகலம். வெந்த களிமண்; அதன் ஒரு முகத்தில் கற்கள் இன்னும் பதிந்திருந்தன. மறுமுகத்தில், ஈரமாக இருந்தபோது அழுத்திய மூன்று விரல்களின் தடம். நஸீஹா தன் விரலை அதில் வைத்துப் பார்க்கவில்லை. அப்படிச் செய்கிற மனநிலையில் அவள் இல்லை. சலித்தெடுத்த கற்களோடு சேர்த்துச் சாக்கில் சுற்றி இடுக்கிக்கொண்டாள்.

காவல் நிலையத்தில் நூருத்தீன் அதிகாரியோடு உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கமைஸ் சுவரோரமாகத் தரையில் இருந்தான். கன்னம் வீங்கியிருந்தது. நஸீஹா சாக்கை மேசையில் அவிழ்த்துக் கொட்டினாள். தேநீர் கிளாஸ் சாய்ந்தது.

"இது என்னது?" என்றார் அதிகாரி.

"திருட்டுப் போன தரை. எங்கண்ணன் ராத்திரி திருடினான்ல, அது. தேய்ச்சுப் பாருங்க."

அதிகாரி தேய்த்தார். பேனாக்கத்தியால் சுரண்டினார். ஒன்றை உடைத்துப் பார்த்தார்.

"ஒரே ராத்திரில கல்லுக்குள்ள வரைக்கும் வேகவைக்க எங்க அண்ணனால முடியும்னா அவனை விடுங்க, நான் சிமெண்ட் ஆலையில வேலை வாங்கித் தர்றேன்."

"எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"ஓடையிலேர்ந்து. சி நூருத்தீன் ஆள் வச்சுக் கொட்டின இடத்துலேர்ந்து."

நூருத்தீன் கட்டியைக் கையில் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது, அவர் படிக்காதவர் இல்லை. முகத்தில் ஒரு கணம் நிஜமான வலி வந்தது என்று நஸீஹாவே ஒப்புக்கொள்கிறாள். அதற்காக அவரை மன்னிக்கவில்லை என்றும் சொல்வாள்.

"இது எந்தக் காலம்னு சொல்லமுடியுமா?" என்று கேட்டார், தாழ்ந்த குரலில்.

"ஆயிரத்து முந்நூறு வருஷம் இருக்கலாம். ஆயிரத்து நூறா இருக்கலாம். நீங்க வெட்டாம இருந்திருந்தா சரியாச் சொல்லியிருப்பேன்."

"லல்லா, வெளியில போய்ப் பேசுவோம்."

"இங்கயே பேசுங்க."

அவர் அதிகாரியைப் பார்த்தார், பிறகு இவளை. "கமைஸ் போகட்டும். தரை பழங்காலத்துலயே அழிஞ்சுபோச்சுன்னு நான் சொல்லிடறேன். வீட்டுப் பேச்சையும் விட்டுடலாம். அடுப்பு எப்படி எடுத்தோம்ங்கற விவரம் மட்டும் யாருக்கும் தேவையில்ல. உங்களுக்கு வீடு, எனக்கு பேரு. போதும்ல?"

கமைஸ் தலையை நிமிர்த்தித் தங்கையைப் பார்த்தான். ஒப்புக்கொள் என்று அந்தப் பார்வை கெஞ்சியது. அவளுக்கும் அது தெரிந்தது. வீடு அங்கே, மேசைமேல், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"மேட்டு ஜனங்களை ஏற்கெனவே ஒருதடவை பலகையில ஒத்தை வரியில துடைச்சீங்க" என்றாள். "இப்ப அந்த வரியும் வேணாங்கறீங்க. முடியாது. நான் தலைநகருக்கு எழுதறேன், விசாரணை வரட்டும். குழியில பாதி அடுப்பு இன்னும் சுவர்ல நிக்குது. வந்து பார்க்கட்டும்."

கமைஸை விட்டுவிட்டார்கள். மேட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவன் முன்னாலேயே நடந்தான். வீட்டு வாசலில் நின்று, "நீ ஜெயிச்சிட்ட. சந்தோஷம். நாளைக்கு நான் குழியை மூடறேன்" என்றான்.

"மூடக்கூடாது."

"ஏன்?"

"அதுதான் சாட்சி. ஏழும் வரிசையா தெரியற ஒரே இடம் அந்தச் சுவர்தான். மூடிட்டா அவரு, அப்படி ஒண்ணும் இல்லவே இல்லைன்னுடுவாரு."

"மதிலுக்கு அடியில இருக்கு நஸீஹா. மதிலு அந்தரத்துல நிக்குது."

"பலகை முட்டுக் குடுக்கறேன். ஒரு மாசம். விசாரணைக்காரங்க வந்து பார்த்துட்டுப் போனதும் நானே மூடறேன்."

ஸொஹ்ரா உள்ளிருந்து கேட்டாள்: "மழை உங்க விசாரணைக்காகக் காத்திருக்குமா?"

நஸீஹா முட்டுக் கொடுத்தாள், பிளாஸ்டிக் தாள் போர்த்தினாள், குழியைச் சுற்றி வாய்க்கால் வெட்டினாள். தலைநகருக்கு நாலு தடவை போனாள். வருவார்கள், வருவார்கள் என்றார்கள். கமைஸ் ஒருநாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழியருகே போனான். அவள் குறுக்கே நின்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். அவன்தான் மண்வெட்டியைக் கீழே போட்டான். காவலர்கள் அடித்தபோதுகூட அவன் அப்படித் தோற்ற முகத்தோடு இல்லை.

பிறகு மழை. மூன்று நாள் விடாமல் பெய்தது. இரண்டாம் நாள் மதியம், ஸொஹ்ரா உள்ளே மசாலா இடித்துக்கொண்டிருந்தபோது, மதில் சத்தமில்லாமல் உள்வாங்கியது. அதோடு முற்றத்தின் மூலை, அதோடு கமைஸ் படுக்கும் அறையின் சுவர். யாருக்கும் அடிபடவில்லை. ஏழு அடுப்புகளின் பாதியும் அந்தச் சேற்றில் போனது. நஸீஹா முழங்கால் அளவு சேற்றில் இறங்கிக் கையால் வாரிக்கொண்டிருந்தாள். எதைத் தேடுகிறாள் என்று கேட்டேன்.

"பேசாம போ" என்றாள். பிறகு சேற்றைப் பார்த்தே சத்தம் போட்டாள்: "அந்த நூருத்தீன் கடப்பாரையால பண்ணினான். நான் பலகை வச்சு, தாள் போர்த்தி, முறையாப் பண்ணினேன். என்ன வித்தியாசம்? சொல்லு, என்ன வித்தியாசம்?"

ஸொஹ்ரா வந்து அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். ஆறுதல் சொல்லவில்லை. "எந்திரி. புள்ளைங்க நனையுது. சாமானைத் தூக்கணும்" என்றாள். நஸீஹா எழுந்து சாமான்களைத் தூக்கினாள்.

விசாரணைக்குழு மார்ச்சில் வந்தது. குழியையும் மேட்டையும் பார்த்தது. பார்க்க ஒன்றும் இல்லை என்று சொன்னது. வீடு குடியிருக்கத் தகுதியற்றது என்று நகராட்சி அறிவித்தது. வீட்டைப் பறிக்க யாரும் தனியாக உத்தரவு போட வேண்டியிருக்கவில்லை. அமைச்சர் வரவில்லை.

நூருத்தீன் இரண்டு வருடத்தில் கடற்கரையோரம் இன்னும் பெரிய ரோமானிய நகரம் ஒன்றுக்கு இயக்குநராகப் போனார். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். அம்மார் கீழே சாலையில் டீக்கடை வைத்திருக்கிறான். நாலு பல்லும் போய்விட்டது. கமைஸும் ஸொஹ்ராவும் சிமெண்ட் வீடுகளில் கடைசி வரிசையில் இருக்கிறார்கள். ஸொஹ்ரா கொல்லையில் தபூனா போட்டிருக்கிறாள், மேற்குக்கு முதுகு காட்டி. கமைஸ் தங்கையோடு பேசுவதில்லை. பெண்கள் இருவரும் மணமாகி வேறு ஊருக்குப் போனார்கள். கறுத்த கற்கள் தலைநகரில் ஒரு பெட்டியில் இருக்கின்றன. நஸீஹா அகழாய்வை விட்டுவிட்டு நகரத்துப் பெண்கள் பள்ளியில் வரலாறு நடத்துகிறாள். மேட்டுக்கு அவள் வருவதில்லை. மேட்டில் இப்போது யாரும் குடியில்லை.